கூரை உடைந்தால் துடைப்பத்தைத் தொடாதீர்கள்

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் பின்வீட்டுக் கூரையிலிருந்து ஒரு கால் தொங்கியது.

மனிதக் கால்தான். இடது கால். முட்டிக்கு மேல் மடித்துக் கட்டிய லுங்கி. நேர்க் கீழே கேஸ் அடுப்பு, அதன் மேல் ஆவி பறக்கிற இட்லிப் பானை.

அதைப் பார்த்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? கையிலிருந்த காபியை ஒரு வாய் குடித்தேன். பயந்தால் எனக்கு அப்படித்தான்... கை அதன் பாட்டுக்கு எதையாவது செய்துகொண்டிருக்கும்.

புதுவாயல் ஜங்ஷனிலிருந்து இரண்டு தெரு உள்ளே எங்கள் வீடு. முன்பக்கம் தளம் போட்ட வீட்டில் நானும் கணவரும். பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட இரண்டு அறை. அதில் ஏழு வருஷமாகக் குடியிருக்கிறவர்கள் தேவராஜும் ஸ்டெல்லாவும். தேவராஜ் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஸ்டெல்லா இன்னொரு கம்பெனியில் பேக்கிங். இருவரின் அப்பா அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள்; இவர்கள் ஷிஃப்ட் பஸ் ஏறுகிறவர்கள். ஒரே மகள் ஜெனிஃபர், இரண்டாம் வகுப்பு.

அந்த வாரம் முழுக்க மழை. ஷீட்டில் விரிசல் விட்டுத் தண்ணீர் சரியாகக் கட்டிலின் மேலேயே சொட்டியது. சர்ச்சுக்குக் கிளம்புவதற்குள் அடைத்துவிடலாம் என்று தேவராஜ் தார் பாக்கெட்டோடு மேலே ஏறினார். ஷீட் கூரையில் ஏறினால் அடியில் இரும்புப் பைப் ஓடுகிற இடத்தில்தான் கால் வைக்க வேண்டும் — அது அவருக்கும் தெரியும். ஆனால் பாசி பிடித்த ஷீட்டுக்கு அது தெரியாதே! வழுக்கியது. கால் அரை அடி தள்ளி விழுந்தது. அவ்வளவுதான்.

நல்ல வேளை, இரண்டு கையாலும் பைப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். இல்லையென்றால் ஆள் மொத்தமாக அடுப்பின் மேல்.

ஸ்டெல்லா கத்தவில்லை. முதலில் கேஸை அணைத்தாள். பானையை இறக்கி ஓரமாக வைத்தாள். அப்புறம்தான் கத்தினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏணியோடு ஓடி வந்து இறக்கினார்கள். கெண்டைக் காலில் நீளமாக ஒரு கிழிசல். எலும்புக்கு ஒன்றுமில்லை. ஆட்டோ வைத்து ஜங்ஷன் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார்கள். குழந்தை என் வீட்டு ஹாலில்.

நான் பின்வீட்டுக்குள் போனேன். அடுப்படி முழுக்கச் சாம்பல் நிறத்தில் தூள். மாவுப் பாத்திரத்தில், துவைத்து மடித்த துணியில், தண்ணீர்க் குடத்து மூடியில், மாதா படத்து மேல் — எங்கும். தரையில் உடைந்த ஷீட் துண்டுகள்.

ஒரு வீடு இப்படிக் கிடந்தால் நம் கை எங்கே போகும்? துடைப்பத்துக்குத்தான். அடிபட்டவர் திரும்பி வருவதற்குள் சுத்தமாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணம் வேறு. தூசி சீக்கிரம் வெளியே போகட்டும் என்று ஃபேனையும் போட்டேன். என் அறிவை மெச்சிக்கொள்ளுங்கள்.

இரண்டு இழுப்பு இழுத்திருப்பேன். போன் அடித்தது. தேவராஜ்.

“அக்கா, ஊட்ல யாராச்சும் பெருக்கிக்கினு கீறாங்களா?”

நான்தான் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

“தொடப்பத்தக் கீழ போட்டுட்டு வெளிய வந்துடுங்கக்கா. ஃபேனு ஓடுனா நிறுத்திடுங்க. கதவச் சாத்திடுங்க. சேஃப்டி சார் சொல்லச் சொன்னாரு.”

நடந்தது இதுதான். தையல் போடக் காத்திருந்த நேரத்தில், திங்கட்கிழமை ஷிஃப்டுக்கு வர முடியாது என்று சொல்லத் தன் கம்பெனியின் சேஃப்டி ஆபீஸருக்குப் போன் போட்டிருக்கிறார் தேவராஜ். அவர் பெயர் அன்பழகன். முதல் கேள்வி, கால் எப்படி இருக்கிறது. இரண்டாவது கேள்வி — உடைந்தது என்ன ஷீட்? மூன்றாவது — இப்போது அந்த வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள்?

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என் வீட்டை நான் பெருக்க எவரோ ஒரு ஆபீஸரின் அனுமதி எதற்கு? ஆனாலும் துடைப்பத்தைக் கீழே போட்டேன். கதவைச் சாத்தினேன். வெளியே நின்று யோசித்தபோது கோபம் போய்விட்டது. அந்த இடத்தில் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. பெருக்கினால் என்ன?

மூன்று மணிக்கு அன்பழகன் வந்தார். திருப்பாச்சூர்ப் பக்கம் நெல் விவசாயம் செய்கிற குடும்பம். முப்பது வயது இருக்கும். பைக்கின் பின்னால் ஒரு பெரிய பை — செடிக்கு மருந்தடிக்கிற ஸ்ப்ரேயர், கையுறை, தடிமனான பிளாஸ்டிக் கவர்கள், அகலமான டேப், இரண்டு பக்கமும் உருண்டையாக ஃபில்டர் வைத்த ரப்பர் மாஸ்க் இரண்டு. ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருந்தார். அதற்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

என்னை வாசலிலேயே நிற்கச் சொன்னார். வெளியே தெறித்துக் கிடந்த ஒரு துண்டின் உடைந்த விளிம்பில் டார்ச்சைச் சாய்த்து அடித்தார். தள்ளி நின்றே பார்க்கச் சொன்னார்.

பார்த்தேன். விளிம்பில் மெல்லிய வெள்ளை முடிகள் நீட்டிக்கொண்டிருந்தன.

கல்நார்! பள்ளிக்கூடப் பாடத்தில் எப்போதோ படித்து, மார்க் வாங்கி, மறந்துபோன வார்த்தை. கல்லுக்குள் இருக்கிற நார். தமிழில் பெயரிலேயே எல்லாம் இருக்கிறது. நாம்தான் ஆஸ்பெஸ்டாஸ், ஆஸ்பெட்டாஸ், ஹேஸ்பெட்டாஸ் என்று வாய்க்கு வந்தபடி கூப்பிட்டு, அது என்னவென்று கேட்காமலேயே அதற்குக் கீழே குடித்தனம் நடத்துகிறோம்.

நான் கேள்வி கேட்க ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், உங்களுக்குத் தெரியும். அன்பழகன் பொறுமையாகச் சொன்னார். நாரைச் சிமெண்டோடு சேர்த்துத்தான் ஷீட் செய்கிறார்கள். ஷீட் முழுசாக இருக்கும்வரை நார் பெரும்பாலும் சிமெண்டுக்குள் அடங்கிக் கிடக்கும். உடைத்தால், துளை போட்டால், அறுத்தால், தேய்த்தால் வெளியே வரும். கண்ணுக்குத் தெரிகிற முடியைவிடத் தெரியாத முடிதான் பொல்லாதது. காற்றில் மணிக்கணக்காக மிதக்கும். பெருக்கினால் தரையில் இருந்ததையும் மூக்கு உயரத்துக்குக் கிளப்பிவிடும். மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலில் தங்கிவிடும். அதைக் கரைத்து வெளியேற்ற உடம்புக்குத் தெரியாது. அன்றைக்கு ஒரு தும்மல்கூட வராது. இருபது, முப்பது வருஷம் கழித்து மூச்சுத் திணறலாகவோ புற்றாகவோ வரலாம். எல்லாருக்கும் வராது. யாருக்கு வரும் என்று சொல்லவும் முடியாது.

“தேய்த்தால்” என்று ஒரு வார்த்தை சொன்னார் அல்லவா? அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால் ஆள் வைத்து அந்தக் கூரைப் பாசியைக் கம்பி பிரஷால் வறட்டு வறட்டென்று சுரண்ட வைத்தவள் நான். வீட்டு ஓனர் அல்லவா? பொறுப்பு! கீழே ஜன்னலைத் திறந்து வைத்து ஸ்டெல்லா சமைத்துக்கொண்டிருப்பாள். குழந்தை தரையில் விளையாடும். மேலிருந்து உதிர்ந்த தூளை நானே எத்தனை தடவை பெருக்கித் தள்ளியிருக்கிறேன்...

மெல்லிய குரலில் அன்பழகனிடம் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். இனிமேல் வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

சுத்தம் செய்தவர்கள் அவரும் ஸ்டெல்லாவும். நான் வாசலில் நின்ற பார்வையாளர். தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவுகிற லிக்விட் கலந்து, தூள் பறக்காதபடி மெல்லத் தெளித்து முதலில் நனைத்தார்கள். துண்டுகளைக் கையுறையோடு பொறுக்கிக் கவரில் போட்டார்கள். ஈரத் துணியால் ஒவ்வொரு பொருளாகத் துடைத்து, அந்தத் துணியை அலசாமல் அதையும் கவரில் போட்டார்கள். மாவு போயிற்று. திறந்திருந்த அரிசியும் போயிற்று. தூள் படிந்த உடுப்புகளை உதறவே கூடாது. அப்படியே தண்ணீரில் முக்கித் தனியாக அலச வேண்டும். கவர்களை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு டேப் சுற்றி ஒட்டினார்கள். துடைப்பத்துக்கும் அதே கதிதான்.

மாஸ்க்கைக் கழற்றியபோது ஸ்டெல்லாவின் கன்னத்தில் ரப்பர் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. பிறகு அன்பழகனிடம் கேட்டாள்.

“ஏழு வருசமா இதுக்குக் கீழதான் சார் சமைச்சுக்கினு கீறேன். கொயந்தைக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?”

ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டுப் போவது அவருக்கு எவ்வளவு சுலபம்! அவர் அதைச் சொல்லவில்லை.

“ஷீட்டுக்குக் கீழ இருந்ததுக்கே வந்துடாதும்மா. தூள் எவ்ளோ, எத்தினி நாளுன்றதுதான் கணக்கு. உங்களுக்கு ரொம்பக் கம்மியாத்தான் இருக்கும். ஆவவே ஆவாதுன்னு என்னால கையெழுத்து போட முடியாது. எங்க ஊட்லயும் இதே ஷீட்தான், எங்க அம்மாவும் அதுக்குக் கீழதான் கீறாங்க. இனிமே தூள் வராமப் பாத்துக்கலாம். அது நம்ம கையில கீது.”

ஸ்டெல்லா தலையாட்டினாள். பொய் சொல்லாத மனிதர் என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடுகிறது போலிருக்கிறது. அன்றிலிருந்து மூவரும் எங்கள் வீட்டிலேயே தங்கினார்கள்.

மறுநாள் இன்னொரு விஷயம் வெளியே வந்தது. ஜெனிஃபரின் ஸ்கூல் பையை ஸ்டெல்லா ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். பென்சில் பாக்ஸுக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு ஷீட் துண்டு. முனை மழுங்கத் தேய்ந்திருந்தது.

எதற்கு என்று கேட்டோம். பாண்டி விளையாடக் கட்டம் போடவாம்! சாக்பீஸ் கோடு அழிந்துவிடும், இது அழியாது என்று எங்களுக்கே விளக்கம் சொன்னாள். தெருப் பெண் குழந்தைகள் எல்லாரிடமும் ஆளுக்கொரு துண்டு இருக்கிறது. சிமெண்ட் ரோட்டில் குனிந்து வறக் வறக்கென்று தேய்த்துக் கோடு போடுவார்கள். வாயால் ஊதித் தூளைத் தள்ளுவார்கள். எத்தனை மாலை நேரம் என் வீட்டு கேட்டில் சாய்ந்து நின்று அதை ரசித்திருக்கிறேன்!

அன்று சாயந்திரம் கடைக்குப் போய்க் கலர் சாக்பீஸ் டப்பாக்கள் வாங்கினேன். கேட்டுக்கு வெளியே ஒரு வாளித் தண்ணீர் வைத்தேன். ஒரு துண்டை வாளிக்குள் போட்டால் இரண்டு கலர் சாக்பீஸ் என்று அறிவித்தேன். ஆறு மணிக்குள் வாளி அரை மட்டத்துக்கு நிறைந்துவிட்டது. ஒருத்தி மட்டும் வீட்டுக்கு ஓடிப்போய் முழுசாக ஒன்றரை அடி ஷீட்டைச் சுமந்துகொண்டு வந்தாள். அதற்கு எத்தனை சாக்பீஸ் என்று என்னிடம் பேரம். அம்மாவிடம் கேட்டுத்தான் எடுத்தாயா என்றேன். கோழிக் கூண்டின் கதவாம்.

அதற்குப் பிறகு எனக்குக் கண் வேறு மாதிரி ஆகிவிட்டது. நடக்கிற தெருவெல்லாம் ஷீட். சாக்கடை மூடி — ஷீட். டீக்கடைப் பின்பக்க மறைப்பு — ஷீட். பைக் ஸ்டாண்ட் மண்ணில் புதையாமல் இருக்க அடியில் ஒரு துண்டு. குளியலறைக்கு, ஆட்டுக் கொட்டகைக்கு, துணி துவைக்கிற இடத்தில் சேறு ஆகாமல் இருக்க... இத்தனை நாள் இதெல்லாம் எங்கே ஒளிந்திருந்தது? எங்கேயும் ஒளியவில்லை. நான்தான் பார்க்கவில்லை.

சரி, பின்வீட்டுக் கூரை? மொத்தமாக மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். அந்த ஷீட்டைப் போட்டவரே முனிரத்தினம்தான், அவரையே கூப்பிட்டேன்.

முனிரத்தினத்துக்குச் சொந்த ஊர் பள்ளிப்பட்டுப் பக்கம். பேச்சில் கொஞ்சம் தெலுங்கு வாசனை அடிக்கும். ஷீட் வேலையில் முப்பது வருஷம். ஒல்லியான மனிதர். நெஞ்சுவரை தாடி. வந்தார், மேலே பார்த்தார், சுலபமான வேலை என்றார். சுத்தியலால் உடைத்து உடைத்துக் கீழே தள்ளினால் அரை நாள்.

அன்று அன்பழகனையும் வரச் சொல்லியிருந்தேன். அவர் சொன்ன முறை வேறு. மேலே யாரும் ஏறக் கூடாது; உள்ளே சாரம் கட்டி அதில் நின்று வேலை செய்ய வேண்டும். ஷீட்டை நனைக்க வேண்டும். கொக்கி போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். முழு ஷீட்டாக இரண்டு பேர் பிடித்து இறக்க வேண்டும். மாஸ்க் போட வேண்டும்.

முனிரத்தினத்துக்குச் சிரிப்பு வந்தது. கோபமாக அல்ல, அன்பாகவே சிரித்தார்.

“முப்பது வருசமா அறுத்துக்கினு கீறேன் நைனா. மிஷினு வச்சு அறுத்தா தலையெல்லாம் வெள்ளையா ஆயிடும், மாவு மில்லுக்காரன் மாதிரி. எனக்கு இன்னா ஆச்சு? நல்லாத்தான கீறேன்?”

எதிரே ஆள் நல்லாத்தானே நிற்கிறார்! எனக்கே அந்த நிமிஷம் அவர் கட்சிதான் சரி என்று பட்டது. வாசகர்களே, நீங்களும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

அன்பழகன் வாதாடவில்லை. மாஸ்க்கை எடுத்து நீட்டி ஒரு தடவை போட்டுப் பார்க்கச் சொன்னார். முனிரத்தினம் போட்டார். ரப்பர், தாடிமேல் உட்காரவே இல்லை. இடைவெளி வழியாக எல்லாம் உள்ளே போகும், தாடியை எடுத்தால்தான் இது வேலை செய்யும் என்றார் அன்பழகன்.

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த முகம் மாறிவிட்டது. மாஸ்க்கைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தார். தாடியை எடுக்க முடியாது என்றார். ஏன் என்று நான்தான் கேட்டேன்.

திருத்தணி முருகனுக்கு வேண்டுதல். மனைவி சரஸ்வதிக்கு இரண்டு வருஷமாக மூச்சு இரைக்கிறது. பத்து அடி நடந்தால் உட்கார வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை, பக்கத்து டாக்டரிடம் ஊசி... கேட்கவில்லை. அவளுக்குச் சரியானால் தாடியும் முடியும் காணிக்கை.

அன்பழகன் மாஸ்க்கை வாசல் படியில் வைத்தார். பிறகு கேட்டார்:

“உங்க வேலைச் சட்டைய யாரு தோய்க்கறாங்க?”

“அவதான்.”

“எப்டி?”

முனிரத்தினம் சாதாரணமாகத்தான் ஆரம்பித்தார். தினமும் வாசலில் நின்று சட்டையையும் பேன்ட்டையும் நன்றாக உதறுவாளாம். தூள் போகாவிட்டால் சோப்பு நுரைக்காதாம். நான்கு உதறு, ஐந்து உதறு... சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்திவிட்டார்.

குனிந்து தன் சட்டையைப் பார்த்தார்.

இதனால்தான் அது என்று தான் சொல்லவில்லை, வேறு எதுவாகவும் இருக்கலாம் என்றார் அன்பழகன். ஆனால் இந்த இரண்டு வருஷத்தில் எந்த டாக்டரிடமாவது நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று சொன்னீர்களா என்று கேட்டார். முனிரத்தினம் இல்லை என்று தலையாட்டினார். அவர்கள் கேட்கவில்லை. இவர் சொல்லவில்லை. அவள் உடம்புக்கு இவர் வேலையை எதற்குச் சொல்ல வேண்டும்?

முனிரத்தினம் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திரும்பி வர மாட்டார் என்றுதான் நினைத்தோம். நமக்கு எதற்கு இந்த வேலை, ஒரு மனிதனின் நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்துவிட்டோமே என்று எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை. கேட் சத்தம். பார்த்தால் முழு மொட்டை, மழமழவென்று முகம், உச்சியில் சந்தனம். எனக்கு அடையாளமே தெரியவில்லை.

“முருகன்கிட்ட பேசிட்டேம்மா. முன்னாடியே எடுத்துக்கோன்னு குடுத்துட்டேன். அந்த மாஸ்க்கு எங்க?”

ரப்பர் இப்போது கச்சிதமாக உட்கார்ந்தது.

ஒன்றரை நாள் ஆயிற்று. அவரும் அவருடைய மச்சினரும் சாரத்தில் நின்று, நனைத்து நனைத்து, துருப்பிடித்த போல்ட்டுகளைப் பொறுமையாகக் கழற்றினார்கள். குழந்தை இந்தப் பக்கமே வரவில்லை. முழு ஷீட்டுகளாகவே இறங்கின. ஒன்று மட்டும் ஓரத்தில் முறிந்தது. இறங்க இறங்கத் தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றி ஒட்டினார்கள். வேலைத் துணிகளை அங்கேயே கழற்றி, உதறாமல், வாளித் தண்ணீரில் அமுக்கிவிட்டுத்தான் முனிரத்தினம் வீட்டுக்குக் கிளம்பினார். சுத்தியல் பையிலேயே கிடந்தது.

சுற்றிக் கட்டிய ஷீட்டை என்ன செய்வது? அங்கேதான் எனக்கு உண்மையான பேஜாரு ஆரம்பித்தது. விசாரித்தவர்களில் ஒருவர் ஏரிக்கரையில் போடச் சொன்னார். இன்னொருவர் பள்ளத்தில் கொட்டி மண்ணை மூடச் சொன்னார். கம்பெனி என்றால் அபாயக் கழிவு என்று எழுதி, அதற்கென்று இருக்கிற இடத்துக்கு லாரியில் அனுப்புவார்களாம். ஒரு வீட்டிலிருந்து இவ்வளவு வந்தால் யாரிடம் தருவது என்று அன்பழகனுக்கே உறுதியாகத் தெரியவில்லை. அதிகாரிகளைக் கேட்டு எழுதியிருக்கிறோம். பதில் வரவில்லை. அதுவரை எங்கள் தோட்டத்து மூலையில் புடவைக் கட்டு மாதிரி அடுக்கி வைத்திருக்கிறேன்.

இதற்குள் நான்கு பேர் வந்து கேட்டுவிட்டார்கள். கோழிக்கு, சாக்கடைக்கு, விறகு நனையாமல் இருக்க... சும்மாதானே கிடக்கிறது, கொடுத்தால் என்ன? காரணம் சொன்னேன். இரண்டு பேர் நம்பினார்கள். மற்ற இருவர் கண்ணில் நான் கஞ்சப் பிசினாறி. இருந்துவிட்டுப் போகிறேன்.

போன வியாழக்கிழமை முனிரத்தினம் வந்தார். கையில் பழுப்பு நிறக் கவர். மனைவியைத் திருவள்ளூரில் நெஞ்சு டாக்டரிடம் காட்டிவிட்டு நேராக இங்கே வந்திருந்தார். சரஸ்வதியும் கூட வந்திருந்தார். ஹாலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். இவர் வாசல் படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

இந்த முறை வேலையைச் சொல்லியிருக்கிறார். சட்டை உதறியதையும் சொல்லியிருக்கிறார். டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாராம். மனைவியின் நெஞ்சைப் படம் எடுத்திருக்கிறார்கள், ஊதச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்துமா என்கிறார்கள். விறகடுப்புப் புகை அதைக் கிளப்பி விட்டிருக்கலாம். இத்தனை நாள் சரியான மருந்து விழவில்லை. இனி உறிஞ்சுகிற மருந்தை விடாமல் எடுத்தால் மட்டுப்படும்.

அப்படியென்றால் கையிலிருக்கிற கவர்?

அது அவருடையது. சும்மா கூட நின்றவரையும் நிற்க வைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். ஃபிலிமை உருவி வெயிலில் பிடித்துக் காட்டினார். விலா எலும்பு ஓரமாகச் சின்னதாக வெள்ளைத் திட்டு. நுரையீரலைச் சுற்றியிருக்கிற தோலில் தழும்பு மாதிரியாம். இப்போதைக்கு ஒன்றும் செய்யாது. வருஷா வருஷம் வந்து காட்ட வேண்டும். பீடியை இன்றோடு விட வேண்டும்.

முப்பது வருஷமாக நல்லாத்தானே இருக்கிறேன் என்ற மனிதர். அவர் முகத்தைப் பார்க்கத் தயங்கினேன். பார்த்தேன். அந்த முகத்தில் பயத்தைத் தேடினேன், அதிகம் இல்லை.

“அவளுக்கு என் சட்டையால வரல போலக்கீதும்மா” என்றார். கொஞ்சம் விட்டு, அதையே மறுபடியும் சொன்னார். கண் கலங்கியிருந்தது.

டாக்டர் அதை அவ்வளவு அழுத்தமாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் கேட்கிற நான், அதை மட்டும் கேட்கவில்லை.

இப்போது முனிரத்தினம் போகிற வேலைக்கெல்லாம் ஸ்ப்ரேயரும் மாஸ்க்கும் போகின்றன. கூட வேலை செய்கிறவர்கள் “பூந்தோட்டக்காரர்” என்று கிண்டல் செய்கிறார்களாம். போன வாரம் ஒரு வீட்டுக்காரர், நனைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தாதே, மிஷினைப் போட்டுச் சட்டென்று அறு என்று விரட்டியிருக்கிறார். முனிரத்தினம் அவரிடம் மிஷினை நீட்டி, “அவசரம்னா நீயே அறுத்துக்கோ நைனா” என்றாராம். வீட்டுக்காரர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம்.

பின்வீட்டுக்குத் தகர ஷீட் போட்டாயிற்று. தேவராஜுக்குத் தையல் பிரித்துவிட்டார்கள். வரும் வாரம் ஷிஃப்டுக்குப் போகிறார். ஸ்டெல்லாவுக்குத்தான் ஒரே ஒரு குறை — மழை பெய்தால் தகரத்தில் விழுகிற சத்தத்தில் டிவி சீரியலில் ஒரு வசனம் காதில் விழவில்லையாம்.

சத்தம் பரவாயில்லை ஸ்டெல்லா... அது காதோடு போய்விடும், நெஞ்சில் போய்த் தங்காது!